சம்பத், கேட்டை நட்சத்திரம்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள் பட்டு. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி விசும்பினாள். பட்டுவுக்கு முகம் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தெரிந்தது. சம்பத், அவள் புருஷனின் அண்ணன். நெற்றியில் புதிதாக இட்ட நாமம், தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, மூக்கில் பஞ்சு. ஆறு வருஷம் டயாலிசிஸ் செய்துகொண்டு கறுத்துப்போன முகம்தான், ஆனால் அதில் வேதனை இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஆள் மாதிரி இருந்தார். பதினோரு வருஷம் காத்திருந்து பார்க்க வந்த முகம் இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மணி இரண்டரை. செம்பாக்கத்தில் அந்தத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். திருமுடிவாக்கத்திலிருந்து கம்பெனி ஆட்கள் பதினைந்து பேர் வேனில் வந்து, மாலையைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் செல்போனைப் பார்த்தபடி இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சம்பத்தின் மனைவி ரத்தினபாயின் தம்பி ராமாஞ்சுலு வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

சம்பத்துக்கும் ரத்தினபாய்க்கும் பிள்ளை இல்லை. தம்பி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். நேற்று சாயங்காலம் ராமாஞ்சுலு போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்டபோது பட்டு யோசிக்கவே இல்லை. நிகிலை அனுப்புகிறேன், நானும் வருகிறேன் என்றாள். என்ன மனசு பார் என்று அவன் உறவுக்காரர்களிடம் புகழ்ந்தானாம். மனசெல்லாம் இல்லை. அந்த ஆளைச் சாம்பலாக்குவது தன் பிள்ளையின் கையாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

நிகில் பந்தலின் ஓரத்தில் மீசையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு வயது. மீசை இல்லாத முகம் அப்படியே அவன் அப்பா பாலுவின் முகம். பட்டு அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

பாலு செத்தது ஒரு ஐப்பசி மாதம். திருமுடிவாக்கத்து எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சம்பத் போர்மேன், பாலு வெல்டர். அந்த வேலையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்ததே சம்பத்தான். மூன்று நாளாக மழை, ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். வெல்டிங் மெஷினில் எர்த் ஒயர் அறுந்து கிடக்கிறது என்று பாலு மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறான். வீட்டிலும் சொன்னான். இன்றைக்கு லோடு போகட்டும், நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருவான் என்று சம்பத் மெஷினைப் போடச் சொன்னார். பாலு போட்டான்.

விசாரிக்க வந்தவர்களிடம் சம்பத் ஒரே வரியில் முடித்தார். தம்பி குடித்துவிட்டு வந்திருந்தான். கூடப் பிறந்தவனே சொல்லும்போது வேறு யாரிடம் கேட்பார்கள்? அந்த ஷெட்டில் இருந்த ஆஸ்டின் உட்பட நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. கேஸ் முடிந்தது. பேச்சு முடியவில்லை. பெருமாள் தீர்த்தத்தைத் தவிர பாலு வேறெதையும் உள்ளங்கையில் வாங்கிக் குடித்ததில்லை என்று பட்டு யார் யாரிடமோ சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். புருஷன் குடிப்பதை எந்தப் பெண்டாட்டி ஒத்துக்கொள்வாள் என்கிற தலையாட்டல்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். கருமாதி அன்று, செத்தவனுக்குப் பிடித்தது எல்லாம் இலையில் வைத்துப் படைக்கிற நேரத்தில், சம்பத் மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, வடைக்கும் அதிரசத்துக்கும் நடுவில் வைத்தார். 'தம்பிக்கு ஆசையா இருக்கும்' என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டிலின் மேல் சூடம் காட்டினார்கள். பதினாறு வயதில் மொட்டைத் தலையோடு நிகில் அதைக் கும்பிட்டு எழுந்தான்.

அன்றைக்கு முடிவு செய்தாள்.

அவர்கள் வீட்டுக் குலதெய்வம் நரசிம்மர். பட்டு முதலில் அவரிடம்தான் போய் நின்றாள். தூணைப் பிளந்துகொண்டு வந்து நியாயம் கேட்ட சாமி, சொந்த வீட்டு அநியாயத்துக்குத் தூணுக்குள்ளேயே இருந்துவிட்டது. அது அவர்கள் சாமி, அவர்கள் பக்கம்தான் நிற்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு யாரோ மாடம்பாக்கத்து சரபேஸ்வரரைச் சொன்னார்கள். இரணியனைக் கிழித்த பின்னும் வெறி அடங்காமல் நின்ற நரசிம்மரைப் பிடித்து அடக்கியவர். சிங்க முகம், பறவையின் சிறகு, எட்டுக் கால். அவரும் ஒரு தூணில்தான் இருக்கிறார். நாமம் போடுகிற வீட்டுக்காரர்கள் அந்தப் பேரைக் காதில் வாங்க மாட்டார்கள். அவர்கள் சாமியை அடக்கிய சாமி. அதனாலேயே பட்டுவுக்கு அவரைப் பிடித்தது.

முதல் ஞாயிறு கோயில் வாசலில் பூக்காரியிடம்தான் விசாரித்தாள்.

"இன்னாம்மா, எதிரியா?" என்றாள் பூக்காரி, அரளி மாலையை எடுத்துக் கொடுத்தபடி. "ராகு காலத்துல அவன் பேரு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணிக்கினே இரு. மத்தத சாமி பாத்துக்கும். சிங்கத்தையே அடக்குன சாமி, உன் ஆளு எம்மாத்திரம்?"

குருக்கள் கூட்டத்துக்கு நடுவில் பேர் கேட்டார். சம்பத், கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி என்றாள். பெருங்களத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையானாலும் காய்ச்சலானாலும், பதினோரு வருஷம் சொன்னாள். மணிச் சத்தத்தில் மந்திரத்தில் ஒரு சொல்லும் விளங்காது. அந்தப் பேர் வருகிறதா என்று மட்டும் கேட்பாள். வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அஞ்சாம் வருஷம் சம்பத்துக்குக் கிட்னி போயிற்று என்று தகவல் வந்தபோது அவள் சாமிக்குப் பட்டு வஸ்திரம் சாத்தினாள்.

"பட்டு, கொஞ்சம் உள்ள வரியா?"

ரத்தினபாய் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது. எழுந்து போகாவிட்டால் பெண்கள் பார்ப்பார்கள். பட்டு போனாள்.

சாவு வீடு என்பதால் சாமி அறையைச் சாத்தியிருந்தார்கள். ரத்தினபாய் அந்தக் கதவைத்தான் திறந்தாள். விளக்கில்லாத அறை. மேல் வரிசையில் குலதெய்வத்தின் பெரிய படம். அதன் பக்கத்தில், அதே அளவில், இன்னொரு படம். சிறகு விரித்த சிங்க முகம், அதன் பிடிக்குள் துவண்டு கிடக்கும் நரசிம்மர்.

"அடையாளம் தெரியுதா? மாடம்பாக்கத்து சாமி" என்றாள் ரத்தினபாய். "கீழ கிடக்கிறது எங்க சாமி. நம்ம மாமனாரு இருந்திருந்தா இந்தப் படத்தை இந்த வூட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாரு. இவருதான் வாங்கியாந்து மாட்டச் சொன்னாரு. உன்னாலதான்."

பட்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரத்தினபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி பட்டுவைக் கோயிலில் பார்த்திருக்கிறாள். உங்க ஓர்ப்படி உங்க வீட்டுக்காரர் பேரில் அர்ச்சனை செய்கிறாள் என்று வந்து சொன்னாளாம். ரத்தினபாய் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அவளே போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டாள். சம்பத் பேர் வந்தது. பேருக்குப் பின்னாலேயே ஆயுள், ஆரோக்கியம் என்று வந்தது. பட்டு கிளம்பிப் போன பிறகு குருக்களிடமே கேட்டாளாம். அந்த அம்மா வருஷக் கணக்காக வருகிறார்கள், அவர் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று வாராவாரம் செய்கிறார்கள், அண்ணனாக இருக்கும் என்றாராம். வேறு எதற்கு ஒருத்தர் பேரில் அர்ச்சனை செய்வார்கள் என்று சிரித்தாராம்.



யார் பேரைச் சொல்கிறோமோ அவருக்கு நல்லது. சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்ததுதான். நிகிலுக்குப் பரீட்சை என்றால் நிகில் பேரைச் சொல்லித்தான் அர்ச்சனை செய்திருக்கிறாள். அந்த ஒரு தூணின் முன்னால் மட்டும் அது தலைகீழாகிவிடும் என்று, ஒரு முழம் பூ விற்றவள் சொன்னதை வைத்து, எப்படி நம்பினாள்?

"டாக்டருங்க ரெண்டு வருஷம்தான்னு சொன்னாங்க" என்றாள் ரத்தினபாய். "ஆறு வருஷம் இருந்தாரு. எல்லாம் நீ வேண்டிக்கிட்டது. ஞாயித்துக்கிழமை நாலரை ஆனா, எழுந்து உட்கார வைன்னு சொல்லுவாரு. இந்தப் படத்தைப் பாத்து ஒன்றரை மணி நேரம் கையைக் கூப்பிக்கினு இருப்பாரு. இது கோபத்தை எடுக்கிற சாமி ரத்தினா, பட்டு தன் கோபத்தை இவர்கிட்ட குடுத்துட்டான்னு சொல்லுவாரு."

பட்டு கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு விட்டா சொல்ல மாட்டேன்." ரத்தினபாய் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "படுத்த புதுசுல அவரு தூங்கவே மாட்டாரு. பாலு குடிக்கலைன்னு நம்ம ஜனங்க முன்னாடி சொல்லிடப் போறேன், வர்ற திதிக்கே உன்னையும் கூப்பிட்டு வச்சு சொல்லிடறேன்னு சத்தியம் பண்ணாரு. அதுக்குள்ள நான் கோயில்ல கேட்டுட்டு வந்து சொன்னனா? குலுங்கிக் குலுங்கி அழுதாரு. அவளே மன்னிச்சிட்டா, இனிமே எதுக்குக் கிளறிக்கினுன்னு விட்டுட்டாரு. அதுக்கப்புறம் நல்லா தூங்கினாரு பட்டு. நேத்து சாயங்காலம்கூடத் தூக்கத்துலதான்."

வெளியில் மேளக்காரர்கள் தப்பட்டையைக் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரணியன் செத்த பிறகும் கத்திக்கொண்டிருந்தவரைத்தான் அந்தச் சாமி பிடித்தது. இரணியன் அந்தப் படத்திலேயே இல்லை. பதினோரு வருஷம் பார்த்த உருவத்தில் இதை அவள் கவனித்ததில்லை.

"நான் அவரு சாவணும்னுதான் பேரு குடுத்தேன்" என்றாள்.

ரத்தினபாய் அவள் கையை விட்டாள்.

"பதினோரு வருஷமாவா?"

"பதினோரு வருஷமா. ஒவ்வொரு வாரமும். ரத்தம் கக்கிச் சாவணும்னு."

ரத்தினபாயின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று பட்டு நினைத்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து நின்றுபோனது.

"இதை ஏன்டி இப்ப சொல்றே? அவருதான் போய்ச் சேந்துட்டாரே."

"அவரு நிம்மதியாப் போயிட்டாரு. நீங்களாவது நிம்மதி இல்லாம இருங்க." பட்டுவின் குரல் உயரவில்லை. "அவரு சொல்றேன்னு சத்தியம் பண்ணத நீங்க சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க. கம்பெனி ஆளுங்களும் இருக்காங்க."

"பொணத்தை வச்சிக்கினா? செத்தவரைப் போய் அசிங்கப்படுத்தச் சொல்றியா?"

"என் வூட்டுக்காரரும் செத்தவருதான். அவருக்குப் பாட்டில் வச்சீங்க."

ரத்தினபாய் முடியாது என்றாள். பட்டு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

மூன்றே முக்காலுக்குச் சம்பத்தை வெளியே கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது பட்டு வரவில்லை. நாலு மணிக்குப் பாடையில் கட்டினார்கள். இப்போதெல்லாம் சுடுகாட்டில் கேஸ் மேடைதான், ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது. ஆனாலும் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஒருவன் நடக்காமல் பிணம் தெருவைத் தாண்டாது. நிகில் சட்டியின் உறியைப் பிடித்து எழுந்தபோது பட்டு பந்தலுக்குள் நடந்துபோய் அவன் எதிரில் நின்றாள். மெதுவாக நாலைந்து வாக்கியம் சொன்னாள். படத்தைப் பற்றி, சத்தியத்தைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி.

நிகில் அவளைப் பார்த்தான். சம்பத்தைப் பார்த்தான். சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ராமாஞ்சுலு ஓடி வந்தான். இன்னாபா, மணி நாலேகால், வெளையாடற நேரமா இது என்றான். பெரியவர்கள் இரண்டு பேர் பட்டுவைக் கண்டித்தார்கள். எதுவாக இருந்தாலும் காரியம் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்றார்கள். காரியம் முடிந்தால் யாரும் பேச மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் நானே சட்டியைத் தூக்குகிறேன் என்று ராமாஞ்சுலு குனிந்தான். ரத்த உறவில் ஆண் பிள்ளை கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது மச்சான் தூக்குவதா என்று அதே பெரியவர்கள் தடுத்தார்கள். மேளக்காரர்களில் ஒருவன், அடுத்த தெருவில் இன்னொரு சாவுக்கு ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சீக்கிரம் முடிவு செய்யும்படியும் பொதுவாகச் சொன்னான்.

"தம்பி, உங்க பெரியப்பாடா" என்றான் ராமாஞ்சுலு கெஞ்சலாக.

"எங்கப்பா படையல்ல பாட்டில் வச்சாங்களே மாமா, அன்னைக்கு நான்தான் அதைக் கும்பிட்டேன்" என்றான் நிகில். "ஸ்கூல்ல என் பேரே குவார்ட்டர். பன்னெண்டாவது முடியிற வரைக்கும். பெரிம்மா வந்து சொல்லட்டும், தூக்கறேன்."

ராமாஞ்சுலு தலையைத் திருப்பிக்கொண்டான். கம்பெனி ஆட்கள் செல்போனை மடியில் கவிழ்த்தார்கள். யாரும் எழவில்லை, யாரும் கிளம்பவும் இல்லை. சட்டியில் வறட்டி புகைந்துகொண்டிருந்தது. நாலு இருபது. நாலு இருபத்தைந்து. பெண்கள் பக்கத்தில் ஒப்பாரி தானாக நின்றது. பட்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. சம்பத் வெயிலில் ஊதட்டும். ஈ மொய்க்கட்டும். அவளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

நாலரைக்கு ரத்தினபாய் வாசற்படிக்கு வந்தாள். முகம் நிறைய மஞ்சளும், நெற்றி நிறையக் குங்குமமும், தலை நிறையப் பூவும் கடைசியாக வைத்து விட்டிருந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். அவளைப் பார்த்ததும் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

பட்டு மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நின்றது.

"கேக்கல" என்றாள்.

ரத்தினபாய் நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பாலு குடிக்க மாட்டாரு. அன்னைக்கும் குடிக்கல. எர்த் ஒயர் அறுந்து கிடந்தது. இவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டச் சொன்னாரு." மூச்சு வாங்கினாள். யாரும் கேட்காததை அவளாகவே சொன்னாள். "படையலுக்குப் பாட்டில் வாங்கியாரச் சொல்லி என் தம்பிய கடைக்கு அனுப்பினது நான்தான். ஊர் வாயை மூடணும்னு."

 எங்கோ பிரஷர் குக்கர் கூவியது. அன்று ஷெட்டில் இருந்த ஆஸ்டின் நாற்காலியிலிருந்து எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆமா" என்றார் யாருக்கும் இல்லாமல். "மூணு நாளா சொல்லிக்கினு இருந்தாரு." பிறகு உட்கார்ந்துவிட்டார்.

நிகில் சட்டியைத் தூக்கினான்.

ராகு காலம் பிறந்துவிட்டதை எல்லோரும் கைக்கடிகாரத்தில் பார்த்தார்கள், யாரும் வாயால் சொல்லவில்லை. மேளம் மறுபடி எழுந்தது, முன்னைவிட மெதுவாக. பாடை தெருமுனை திரும்பும்வரை பட்டு பார்த்தாள். உள்ளே ஏதோ இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். கால் வலித்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் ரத்தினபாயை உட்கார வைத்திருந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்ற ஒருத்தியும் முன்வரவில்லை. ஒருத்தி துடைப்பத்தைத் தேடினாள், ஒருத்திக்குப் போன் வந்தது, மற்றவர்கள் சாமான்களை அடுக்கினார்கள். சம்ப் தொட்டியின் மூடி திறந்திருந்தது. பட்டு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடத்தை உள்ளே விட்டு நிரப்பி, ரத்தினபாயின் தலையில் கவிழ்த்தாள்.

பூ சரிந்தது. இரண்டாவது குடத்தில் மஞ்சள் கரைந்தது. ரத்தினபாய்க்கு மூச்சு முட்டியது, கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கிப் போதும் என்றாள்.

பட்டு இன்னொரு குடம் மொண்டாள். நெற்றிக் குங்குமம் கரைந்து, மூக்கின் நுனியில் சற்று நின்று, கல்லில் சொட்டியது.